நான் யார், நீ யார்: திருச்சுழியின் வினாவும் ஆங்கில எழுத்தும்

ஆங்கில இலக்கியத்தில் தன்னடையாளம், பாலினம், அகப்போராட்டம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நூல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ பேச்சைத் தொடங்குவர். ஆனால் அந்த வரலாற்றின் ஒரு கிளை மல்லாங்கிணற்றிலிருந்து காரியாபட்டி வழியே தென்கிழக்காகச் சென்றால் வரும் திருச்சுழியில், குண்டாற்றங்கரையில், ஒரு வக்கீல் வீட்டில் வேர் கொண்டது என்பதும், மழைக்கு ஏங்கும் இந்தக் கரிசல் வட்டாரத்தில் பிறந்த ஒருவரின் ஒற்றை வினா சாமர்செட் மாம் என்ற ஆங்கில நாவலாசிரியரையும் மெர்சிடிஸ் டி அகோஸ்டா என்ற அமெரிக்க நாடகாசிரியையையும் தேடி வரவைத்தது என்பதும், இங்குள்ளோரே அதிகம் பேசாத செய்திகள்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தன்னடையாளம் என்பது ஒருவர் தம்மை இன்னார் என்று உள்ளே உணர்வதும், உலகம் அவரை இன்னார் என்று வெளியே வகைப்படுத்துவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தது. பால் என்பது உடற்கூறு. பாலினம் என்பது அந்த உடற்கூற்றின்மேல் ஊரும் வீடும் சட்டமும் ஏற்றிவைக்கும் நடை, உடை, வேலை, அடக்கம், உரிமை அனைத்தும். உள்ளுணர்வும் வெளிவகைப்பாடும் ஒத்துப்போகாத இடத்தில் பிறப்பதே அகப்போராட்டம். ஆகவே தன்னடையாளத்தைக் குறித்த வினாவும் இரண்டாகிறது: தன்னை நோக்கித் தானே கேட்கும் 'நான் யார்' என்பது ஒன்று, பிறர் வாசலில் நின்று கேட்கும் 'நீ யார்' என்பது மற்றொன்று. முதல் வினாவைச் சாவகாசமாகக் கேட்க முடிந்தவர்கள், பெரும்பாலும், இரண்டாவது வினாவிலிருந்து ஏதோ ஒரு வகையில் விலக்குப் பெற்றவர்கள் என்பதே இவ்வுரை எடுத்துக்காட்ட முற்படும் கருத்து.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நாளில், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட வேங்கடராமன் பிறந்தார். தந்தை சுந்தரமய்யர் முறையான சன்னத் என்ற உரிமம் இல்லாமலே வழக்காடி நற்பெயர் ஈட்டியவர். 1892இல் அவர் இறந்தபின் மூத்த பிள்ளைகள் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தனர். 1896 ஜூலை மாதத்தில், பதினாறு வயதில், காரணமின்றி வந்த மரணபயத்தை எதிர்கொண்டு, சாவது எது என்று தரையில் விறைத்துப் படுத்து ஆராய்ந்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின் நடந்த மற்றொன்று, ஆங்கிலத்தைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு அதைவிட நெருக்கமானது. பாடம் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பகுதியை மூன்று முறை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார்; இருமுறை எழுதி மூன்றாம் முறை எழுதத் தொடங்கியவர், தாளை அப்பால் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி அமர்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசாமி ஒரு வார்த்தை சொல்ல, அன்றே வீட்டைவிட்டுக் கிளம்ப முடிவாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அலெக்சாண்டர் பெயின் வெறும் இலக்கண ஆசிரியர் அல்லர். மனம் என்பது எப்படி இயங்குகிறது என்று வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஸ்காட்லாந்து மெய்யியலாளர், 1876இல் மனத்தைப் பற்றியே ஓர் ஆய்விதழைத் தொடங்கியவர். மனத்தை ஆராய்ந்தவரின் இலக்கணப் புத்தகத்தைப் பாதியில் விட்டுத்தான் மதுரைச் சிறுவன் மனம் எங்கிருந்து எழுகிறது என்று பார்க்கப் புறப்பட்டான்.

அண்ணனின் கல்லூரிச் சம்பளமான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுச் சென்றார். அந்தக் கடிதம் தன்மை ஒருமையில் தொடங்கி, அடுத்த வரியிலேயே தன்னை 'இது' என்று அஃறிணையில் சுட்டி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட்டோடு முடிகிறது. ஆண், பெண் என்ற பாகுபாட்டுக்கே இடமில்லாத அஃறிணைக்குத் தன்னை மாற்றிக்கொண்டது தற்செயலா, தெளிந்த முடிவா என்று இன்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் பின்னாளில் அவரைத் தேடி வந்த வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு, ஆணென்றோ பெண்ணென்றோ முடிவான விடையைக் கோராத ஒரு வினாவே அவரிடம் கிடைத்தது.

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தவரிடம், 1901, 1902ஆம் ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் கேட்ட கேள்விகளும், அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளுமே 'நான் யார்?' என்ற சிறுநூல். அது அச்சேற 1923 ஆனது. தசையும் எலும்புமான உடல் நானல்ல, புலன்கள் நானல்ல, நினைக்கும் மனமும் நானல்ல என்று ஒவ்வொன்றாய் விலக்கிச் செல்லும் முறை அதனுடையது. 1934இல் லண்டனில் வெளியான பால் பிரண்டனின் இந்தியப் பயண நூல் அந்த முறையை ஆங்கில வாசகரிடம் சேர்த்தது. பிரண்டனும் பிறந்தபோது வைத்த பெயரைக் கழற்றிவைத்துவிட்டுப் புனைபெயரில் வாழ்ந்தவர்தான் என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொண்டு மேலே செல்லலாம்.

மாம் திருவண்ணாமலைக்கு வந்தது 1938இன் தொடக்கத்தில், அறுபத்து நான்கு வயதில். அங்கே ரமணரின் ஆசிரமத்தில் அமர்ந்திருந்தபோது அவருக்கு மயக்கம் வந்துவிட, அங்கேயே தங்கியிருந்த மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயரின் அறையில் கிடத்தப்பட்டார். ரமணர் அங்கு வந்து பேசாமல் சிறிது நேரம் அவரோடு அமர்ந்திருந்துவிட்டுச் சென்றார். மாம் சமாதி நிலையில் ஆழ்ந்துவிட்டார் என்ற செய்தி அதன்பின் எங்கும் பரவியது. தமக்கு அத்தகைய மயக்கம் முன்பும் வந்ததுண்டு என்று, இருபது ஆண்டுகள் கழித்து வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அவர் அதை நிதானமாக மறுத்தார். புகழ்ந்து சொல்லப்பட்ட பொய்யைக்கூட ஏற்காத இந்த எச்சரிக்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. தம்மைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்பதில் வாழ்நாள் முழுதும் கண்ணாக இருக்க நேர்ந்தவர் அவர்.

1895இல் ஆஸ்கார் வைல்டு தன்பாலின உறவுக்காகச் சிறை சென்றபோது மாம் இருபத்தோரு வயது மருத்துவ மாணவர். அந்தச் சட்டம் இங்கிலாந்தில் தளர்த்தப்பட்டது 1967இல். மாம் இறந்தது 1965இல். திருமணமும் விவாகரத்தும் வெளியுலகுக்கு. உள்ளே, ஜெரால்டு ஹாக்ஸ்டன் என்ற துணைவர். ஹாக்ஸ்டன் இங்கிலாந்தில் நுழையத் தடை இருந்ததால் இருவரும் பிரான்சின் தென்கடற்கரையில் வாழ்ந்தனர்; இந்தியாவுக்கும் சேர்ந்தே வந்தனர். அந்தத் தலைமுறையின் ஆங்கில எழுத்தே இவ்வாறு பாதி மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. ஈ.எம். ஃபார்ஸ்டர் 1914இல் எழுதி முடித்த 'மாரிஸ்' என்ற நாவல் அவர் இறந்த மறு ஆண்டு, 1971இல்தான் அச்சேறியது. ராட்கிளிஃப் ஹால் எழுதிய பெண் தன்பாலினக் காதல் நாவல் 1928இல் நீதிமன்றத்தால் ஆபாசமெனத் தீர்க்கப்பட்டது. அதே ஆண்டில், நாயகன் நடுக்கதையில் ஒருநாள் பெண்ணாக விழித்தெழும் வர்ஜீனியா வுல்ஃபின் 'ஆர்லாண்டோ' மட்டும், கற்பனை விளையாட்டு என்ற போர்வையில், தடையின்றி விற்றது.

இந்தப் பின்னணியில் 1944இல் வெளியான மாமின் 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலைப் படிக்கும்போது அதன் அமைப்பு புதிதாகத் துலங்குகிறது. கடோபநிடதத்தின் கத்திமுனை உவமையிலிருந்து தலைப்பைப் பெற்ற இந்நாவலில், முதல் உலகப்போரில் நண்பன் தன்னைக் காத்துத் தான் இறப்பதைக் கண்ட லாரி என்ற அமெரிக்க இளைஞன், நிச்சயித்த திருமணத்தை உதறிவிட்டுப் பாரிஸ், ஜெர்மனி, இந்தியா என்று அலைந்து, திருவிதாங்கூரில் ஸ்ரீகணேசர் என்ற ஞானியிடம் அமைதி பெறுகிறான். ரமணரின் சாயல் ஸ்ரீகணேசரில் இருப்பது வெளிப்படை. ஊரை மாற்றியது நாவலாசிரியரின் சுதந்திரம். கதைசொல்லியாக மாம் தம் சொந்தப் பெயரிலேயே வருகிறார், எல்லாரிடமும் விருந்துண்கிறார், எல்லாருடைய இரகசியத்தையும் கேட்கிறார். தம்முடையதை மட்டும் சொல்வதில்லை. லாரி தன் ஞான அனுபவத்தை விடியும்வரை சொல்லும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, கதையின் போக்கு கெடாமல் வாசகர் இதைத் தாண்டிச் செல்லலாம் என்று அறிவித்துவிட்டு, இந்த உரையாடல் மட்டும் இல்லாவிட்டால் இந்நூலையே எழுதியிருக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். உயிரான பகுதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி நீட்டும் இந்தக் கூச்சம், நெடுங்காலம் மறைத்து வாழ்ந்த ஒருவரின் பழக்கம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

நாவலின் பெண்கள் பக்கம் திரும்பினால் நியாயம் தடுமாறுகிறது. லாரியை இழந்த இசபெல், பணக்கார வாழ்வைத் தேர்ந்தெடுத்ததற்காக நுட்பமாகவும் இரக்கமின்றியும் சித்திரிக்கப்படுகிறாள். சோஃபி இளமையில் கவிதை எழுதியவள். கணவனையும் குழந்தையையும் கார் விபத்தில் ஒரே நாளில் பறிகொடுத்துக் குடியில் வீழ்ந்தவள். லாரி அவளை மீட்டு மணக்கவிருக்கும் வேளையில், பொறாமையால் இசபெல் ஒரு மதுப்புட்டியை அவள் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அறையைவிட்டு நீங்குகிறாள். சோஃபி குடிக்கிறாள், ஓடிப்போகிறாள், துலோன் துறைமுகத்தில் கொலையுண்டு கிடக்கிறாள். இருவரும் மரணத்தை நேரில் கண்டவர்கள். இருவருக்கும் உலகம் அர்த்தமற்றுப் போனது. ஆணுக்கு அது தேடலாகிறது, பெண்ணுக்குச் சீரழிவாகிறது. லாரிக்கு ஆண்டுதோறும் வரும் சொந்த வருமானமும், யாருக்கும் பதில் சொல்லாமல் கப்பலேறும் உரிமையும் இருந்தன என்பதை நாவல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. சோஃபிக்கும் அவை இருந்திருந்தால் அவளும் அந்தத் தேடலில் இறங்கியிருப்பாளா என்று மாம் கேட்கவில்லை. தம் இரகசியத்தைக் காக்க இவ்வளவு பாடுபட்ட ஒருவருக்கு, அடுத்தவரின் சிறை கண்ணில் படாமல் போனது வருத்தத்துக்குரியது.

அதே 1938இல் வந்த மெர்சிடிஸ் டி அகோஸ்டா அந்தக் கேள்வியைத் தம் உடலாலேயே சுமந்தவர். நியூயார்க்கில் ஸ்பானிய மரபுக் குடும்பத்தில் பிறந்த அவர், ஏழு வயதுவரை தம்மை ஆண்பிள்ளை என்றே நம்பி வளர்ந்தவர் என்று, அவருடைய தன்வரலாற்றின் கைப்படிகளைக் கொண்டு ஆய்வாளர் கூறுவர். வளர்ந்தபின் பெண்களையே காதலித்தார். ஆணுடை தரித்துப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி அவர் எழுதிய நாடகம் 1925இல் பாரிஸில் மேடையேறியது. ஹாலிவுட்டில் கிரெட்டா கார்போவுக்காக எழுதிய ஒரு திரைக்கதையில் நாயகி பெரும்பகுதி ஆண்வேடத்தில் வருவதாக அமைத்திருந்தார். இத்தனை ஆண்டு பாடுபட்டு அழகியாக உயர்த்திய நடிகைக்குக் கால்சட்டை மாட்டிக் கோமாளியாக்குவதா என்று தயாரிப்பாளர் சீற, அந்தப் படம் எடுக்கப்படாமலே போயிற்று. பிரண்டனின் நூலைப் படித்து மனம் ஈர்க்கப்பட்டுத் திருவண்ணாமலை வந்தவர், கூடத்தில் ரமணரின் முன் மூன்று நாள் அமர்ந்திருந்தார். 1960இல் வெளியிட்ட தன்வரலாற்றை ரமணருக்கே காணிக்கையாக்கினார்.

அந்த நூலை இன்று எடுத்துப் படித்தால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. தம் காதல்களை எழுதும்போது அவர் திரையிட்டே எழுதுகிறார். நட்பு, அன்பு, மதிப்பு என்ற சொற்களுக்குள் எல்லாவற்றையும் மடித்துவைக்கிறார். அப்படி எழுதியதற்கே நண்பர்கள் பலர் விலகினர். ஆனால் ரமணரின் முன் அமர்ந்த மூன்று நாளைப் பற்றி எழுதும்போது திரை இல்லை. நான் உடலல்ல என்ற விடை, உடலின் பெயரால் ஓயாது விசாரிக்கப்பட்ட ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஓய்வைத் தந்திருக்கும் என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது. அந்த ஓய்வு ஊர் திரும்பியபின் அவருக்குச் சோறிடவில்லை. கடைசிக் காலத்தை நோயிலும் வறுமையிலும் கழித்து 1968இல் இறந்தார். கார்போ எழுதிய கடிதங்களை ஃபிலடெல்பியாவிலுள்ள காப்பகம் ஒன்றில் முத்திரையிட்டு ஒப்படைத்திருந்தார். கார்போ இறந்து பத்தாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில், அவை பிரிக்கப்பட்டன.

ஆசிரமத்திலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. இரவில் பெண்கள் அங்கே தங்கும் வழக்கம் இருக்கவில்லை. ரமணரோடு நடந்த உரையாடல்களைக் காவ்யகண்ட கணபதி முனி வடமொழியில் தொகுத்த 'ரமண கீதை'யில், முனியின் மனைவி விசாலாட்சியின் சார்பாக ஒரு கேள்வி இடம்பெற்றுள்ளது: பெண் துறவு பூணலாமா, ஞானமடைந்த பெண்ணின் உடலை எரிப்பதா, சமாதி வைப்பதா? துறவுக்குத் தடையில்லை, ஞானியின் உடல் கோயிலாதலால் எரிக்கலாகாது என்பது 1917இல் கிடைத்த விடை. ஐந்தாண்டு கழித்து, 1922 மே மாதத்தில், தாய் அழகம்மாள் மறைந்தபோது அந்த விடைப்படியே சமாதி வைத்தனர். இன்றுள்ள மாத்ருபூதேசுவரர் சந்நிதி அதன்மேல் எழுந்தது. ஆன்மாவுக்குப் பாலில்லை என்று கற்பித்த இடத்திலும் ஒரு பெண் கேட்ட பிறகே அந்தப் போதனை பெண்ணுடலுக்குப் பொருந்துமா என்பது தீர்மானமாயிற்று. மாம் இதைக் கேள்விப்பட்டிருந்தால் சோஃபியின் கதை வேறாகியிருக்கக் கூடும்.

'நீ யார்' என்ற மற்ற வினாவுக்கும் மல்லாங்கிணற்றோடு ஒரு தொடர்பு உண்டு. இவ்வூரில் பிறந்து, சென்னை ராணிமேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, இந்த மண்ணின் பெண்களைத் தமிழ்க் கவிதையில் பாடிவரும் தமிழச்சி தங்கபாண்டியன், ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கை நாடகாசிரியர்களைக் குறித்து ஆங்கிலத்தில் ஆய்வுநூல் எழுதியவர். அவர் ஆராய்ந்த எர்னஸ்ட் மெக்கின்டயரின் நாடகம் ஒன்றில், இராசநாயகம் என்ற தமிழர் ஒவ்வொரு கலவரத்தின்போதும் கொழும்பில் தம் சிங்கள நண்பர் வீட்டில் தஞ்சம் புகுகிறார். வழிமறிக்கும் கும்பல் ஒரு வாளியைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்கும். சிங்களச் சொல்லான 'பால்திய' என்பதன் முதல் எழுத்தைத் தமிழ் நாக்கு வழுவவிட்டால் ஆள் தமிழன். முன்பெல்லாம் பிசகாமல் உச்சரித்துப் பிழைத்தவர், 1983 ஜூலையில் அந்தச் சொல்லைச் சொல்ல மறுக்கிறார், கொல்லப்படுகிறார். நான் உடலல்ல, நாக்கல்ல என்று அந்தத் தெருவில் சொல்ல இயலாது. ஆயினும் இராசநாயகத்தின் மறுப்பும் ஒருவகை ஆத்மவிசாரமே: தப்புவதற்கு இன்னொருவனாக ஒலித்து ஒலித்து, இனி மிஞ்சியிருப்பது யார் என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட கணமே அந்த மறுப்பு.

இவ்விரு வினாக்களையும் ஒருசேரச் சுமந்து எழுதியோர் தமிழ்நாட்டுத் திருநங்கையர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 'நான் வித்யா' என்ற பெயரில் 2007இல் தமிழில் வந்து, பின் ஆங்கிலத்துக்குச் சென்றது. நாமக்கல் பகுதியில் ஆண்பிள்ளையாகப் பிறந்த ஏ. ரேவதியின் நூல் எதிர்த்திசையில் பயணித்தது: தமிழில் எழுதப்பட்டு, வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2010இல் முதலில் அச்சேறி, 2011இல் 'வெள்ளை மொழி' என்று தமிழில் வெளியாயிற்று. ரேவதியும் பதின்வயதில் வீட்டாருக்குத் தெரியாமல் ரயிலேறினார். வேங்கடராமனைத் தேடிக் கண்டுபிடித்த தாய் திரும்பி வருமாறு அழுது மன்றாடினார். மகன் தந்த மறுப்பை ஊர் ஞானமென்று போற்றியது. ரேவதி திரும்பி வந்தபோது கிடைத்தது அண்ணன்மார் கையால் அடியும், ஆசையாய் வளர்த்த கூந்தலுக்கு மழிப்பும். வீட்டைத் துறந்த இருவரில் ஒருவர் 'இது' என்று எழுதித் தம்மை ஆண்பாலிலிருந்து கழற்றிக்கொண்டபோது உலகம் கும்பிட்டது. மற்றவர் 'இவள்' என்று சொல்லிக் கழற்றிக்கொண்டபோது காவல் நிலையத்திலும் கடைத்தெருவிலும் 'நீ யார்' என்று கேட்டது.

ரேவதியின் நூலில் உடலை விலக்கும் வாக்கியங்கள் அரிது. அறுவைச்சிகிச்சையின் வலி, முதன்முதலில் புடைவை கட்டியபோது நெஞ்சில் பொங்கிய நிறைவு, குரு வீட்டில் பாத்திரம் தேய்த்த நாள்கள், சொத்துப் பங்கு கேட்டபோது உடன்பிறந்தோர் முகம் மாறியது என்று உடலும் உறவும் காசுமே அதில் பேசப்படுகின்றன. மெய்யியல் நாட்டமுள்ள வாசகர் சிலர் இதைத் தாழ்ந்த தளம் என்று கருதக்கூடும். அந்தக் கருத்து பிழையானது. கையில் இல்லாத ஒன்றைத் துறக்கச் சொல்வதில் பொருளில்லை. தன் உடல் தனதென்று முதலில் நிறுவ வேண்டியிருந்த ஒருவருக்கு, ஒவ்வொன்றாய் விலக்கிச் செல்லும் முறைக்கு முன்பாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்துச் செல்லும் முறை தேவைப்பட்டது. பெயர், உடை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் என்று. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2019இல் இயற்றப்பட்ட சட்டமோ அந்த அறிவிப்பை மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழோடு முடிச்சுப் போட்டது. அவ்வாண்டுகளில் 'வெள்ளை மொழி'யின் ஆங்கில வடிவம் பல்கலைக்கழக வகுப்புகளில் பாடமாகிக்கொண்டிருந்தது. ரேவதியோ தம் வாழ்வை மேடையில் தாமே நடித்துக் காட்டத் தொடங்கியிருந்தார்.